அன்னபூரணிக்கு எத்தனை சேர்வோ வேணும்?

1938 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் உள்ள குளொஸ்ரர் துறைமுகத்துக்கு இரண்டு பாய்மரங்களோடு ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. அதன் பெயர் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’. அதை வாங்கிய வில்லியம் அல்பேட் றொபின்சன் தன் மனைவியின் பெயரை அதுக்கு வைத்திருந்தார். அதுக்கு முதல் அந்தக் கப்பலின் பெயர் ‘அன்னபூரணி’. கட்டினது வல்வெட்டித்துறையில். சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் எண்டு கடந்து அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த மாலுமிகளும் வல்வெட்டித்துறைக்காரர்தான்.

இந்தக் கதை எங்களில் கனபேருக்குத் தெரியும். சின்ன வயதில் யாரோ ஒருவர் பெருமையாகச் சொல்லியிருப்பார். ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். அந்தக் கப்பலில் எந்தக் கயிறு எதுக்கு? காற்று எதிர்த்து வந்தால் என்ன செய்தார்கள்? ஒரு பாயைத் திருப்ப எத்தனை பேர் வேணும்? பெருமை மிஞ்சியிருக்கிறது, வேலை மறந்துபோச்சு.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற மாதிரிக் கப்பல் இந்தக் கேள்விகளைக் கேட்காது. கயிறை எங்கே கட்டினாலும் அது அப்படியே நிற்கும். ஆனால் அதே கப்பலை ஒரு குளத்தில், காற்றில், றேடியோ கொன்ரோலில் ஓட்டப்போறம் எண்டு முடிவெடுத்துப் பாருங்கள். கடையில் போய் எத்தனை சேர்வோ வாங்குறது எண்ட முதல் கேள்வியிலேயே வரலாறு குறுக்கே வந்து நிற்கும். ஒவ்வொரு சேர்வோவும் ஒரு மாலுமியின் கைக்குப் பதிலாக வருகிற பொருள். எந்தக் கை எந்தக் கயிறைப் பிடித்தது எண்டு தெரியாமல் அதைத் தெரிவுசெய்ய ஏலாது.

றேடியோ இல்லாத காலம்

முதலில் ஒரு தற்செயல். அன்னபூரணி போய்ச்சேர்ந்த குளொஸ்ரருக்குப் பக்கத்திலேயே, அதே கரையில், மார்பிள்ஹெட் எண்டு ஒரு ஊர் இருக்கிறது. மாதிரிப் பாய்க்கப்பல் ஓட்டுறவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் அது. 1930களின் தொடக்கத்தில் அங்கேதான் 50 அங்குல நீளம், 800 சதுர அங்குலப் பாய் எண்ட விதியோடு ‘மார்பிள்ஹெட்’ வகைப் படகுகள் பிறந்தன. வல்வெட்டித்துறைக் கப்பல் அந்தக் கரைக்கு வந்த காலத்தில் அங்கேயுள்ளவர்கள் இந்தப் படகுகளைக் குளத்தில் விட்டுப் போட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படகுகளில் றேடியோ இல்லை. கரையில் பாயையும் சுக்கானையும் சரிசெய்து தள்ளிவிட்டால் படகு தானாகவே மறுகரைக்குப் போகவேணும். ஓட்டுறவர் கரையால் ஓடிப்போய் ஒரு தடியால் பிடித்துத் திருப்பிவிடுவார். படகு நேராகப் போக இங்கிலாந்துக்காரர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பாயை இழுக்கிற கயிறையே சுக்கானோடு தொடுத்துவிடுவார்கள். காற்று கூடினால் பாய் கயிறை இழுக்கும், கயிறு சுக்கானைத் திருப்பும், படகு திரும்பவும் தன் வழிக்கு வரும். பிறகு 1930களில் காற்றாடித் தகடு ஒன்றைச் சுக்கானோடு பூட்டுகிற முறை பரவியது. காற்று எந்தப் பக்கம் மாறுதோ அதுக்கேற்ப அந்தத் தகடு திரும்பிச் சுக்கானையும் திருப்பும்.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், றேடியோ வருவதற்கு முதலே பாய்க்கப்பல் மாதிரிகள் நன்றாக ஓடின. கப்பலின் சமநிலை சரியாக இருந்தால் அது பாதி வேலையைத் தானே செய்யும். இண்டைக்கும் இதுதான் முதல் பாடம். பாயும் உடலும் ஒன்றுக்கொன்று பொருந்தாத கப்பலை எவ்வளவு விலையான சேர்வோ போட்டாலும் காப்பாற்ற ஏலாது.

படகில் தொடங்கிய றிமோட்

றேடியோ கொன்ரோல் எண்டதும் எங்களுக்கு விமானமும் ட்ரோனும்தான் ஞாபகம் வரும். ஆனால் அது தொடங்கியது ஒரு படகில். நிக்கோலா டெஸ்லா 1898 இல் நியூயோர்க்கில் ஒரு சின்ன இரும்புப் படகைக் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டினார். அந்த ஆண்டு நவம்பர் 8 ஆம் திகதி அதுக்கு 613,809 இலக்கக் காப்புரிமை கிடைத்தது. படகுக்குள் பற்றரி, உந்தித்தள்ளும் மோட்டார், சுக்கானைத் திருப்ப இன்னொரு மோட்டார், விளக்குகள். ஒரு சமிக்ஞை வந்தால் உள்ளே இருக்கிற ஆளி ஒரு படி நகரும். அடுத்த சமிக்ஞைக்கு அடுத்த படி. இவ்வளவுதான் அதன் மூளை.

டெஸ்லா அந்தக் காப்புரிமையிலேயே இதன் போர்ப் பயனையும் எழுதினார். இவ்வளவு அழிவுசெய்யக்கூடிய ஆயுதம் இருந்தால் நாடுகள் சண்டைக்குப் பயந்து சமாதானமாக இருக்கும் எண்டது அவரின் நம்பிக்கை. நடந்தது வேறு. முதலாம் உலகப்போரில் ஜேர்மனி வெடிமருந்து நிரப்பிய படகுகளைக் கரையிலிருந்து நீண்ட கம்பியால் கட்டுப்படுத்தி அனுப்பியது. போர் முடிந்த கொஞ்சக் காலத்திலேயே பிரித்தானியக் கடற்படை ‘அகமெம்னன்’ எண்ட பழைய போர்க்கப்பலை ஆள் இல்லாமல் றேடியோவால் ஓட்டி, அதையே சுடுபயிற்சிக்கு இலக்காக வைத்தது.

எங்கட நாட்டிலும் ‘றிமோட்’ எண்ட சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. எங்களுக்கு அது டிவியும் விளையாட்டுக் காரும். எங்கட அம்மா அப்பாவுக்குக் குண்டுவெடிப்புச் செய்திகளில் கேட்ட சொல். 1990 இல் போர் மறுபடி தொடங்கிய பிறகு வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்த பொருட்களில் சாதாரண பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுத்தி வானொலி கேட்ட தலைமுறைக்கு, பற்றரியால் ஓடுகிற விளையாட்டுக் கப்பல் கனவிலும் வந்திருக்காது. கடலுக்குப் போகவே தடையிருந்த ஆண்டுகளும் அவைதான். கப்பல் கட்டின ஊர்களில் ஒரு முழுத் தலைமுறை கடலைத் தூரத்தில் இருந்து பார்த்து வளர்ந்தது. கைவேலை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்ததுக்குப் போகாமல் அறுந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். எஞ்சின் படகு வந்து பாய்க்கப்பலைத் தள்ளியது இன்னொரு காரணம். அது போருக்கு முதலே தொடங்கிவிட்டது.

சேர்வோ எண்டால் என்ன

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பொழுதுபோக்குக்காரர் பாவித்த முதல் றேடியோக்களில் ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது. பொத்தானை அழுத்தினால் முறுக்கிய இறப்பர் நாடா ஒரு படி அவிழ்ந்து சுக்கானை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பும். அடுத்த அழுத்தலுக்கு மற்றப் பக்கம். கொஞ்சமாகத் திருப்புவது எண்ட பேச்சுக்கே இடமில்லை. கிட்டத்தட்ட டெஸ்லாவின் படகு மாதிரித்தான்.

பாய்க்கப்பலுக்கு இது போதாது. பாயைக் கொஞ்சம் இறுக்குவது, கொஞ்சம் தளர்த்துவது எண்டதுதான் முழு வேலையும். 1960களில் டிரான்சிஸ்டரோடு வந்த விகிதாசாரக் கட்டுப்பாடுதான் இதை மாற்றியது. கையில் இருக்கிற குச்சியை எவ்வளவு நகர்த்துறமோ சேர்வோவும் அவ்வளவு நகரும். இண்டைக்கும் அதே தத்துவம்தான். ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 50 தடவை ஒரு துடிப்பு போகும். துடிப்பின் நீளம் 1 மில்லிசெக்கன் எண்டால் ஒரு பக்கம், 2 எண்டால் மற்றப் பக்கம், 1.5 எண்டால் நடு. சேர்வோவின் உள்ளே இருக்கிற சின்னச் சுற்று, சொன்ன இடமும் தான் நிற்கிற இடமும் ஒன்றா எண்டு பார்த்துக்கொண்டே இருக்கும். காற்று தள்ளினால் திரும்பத் தன் இடத்துக்கு வரப் பார்க்கும். கயிறை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் செய்வதும் இதைத்தான்.

காற்றைச் சின்னதாக்க ஏலாது

இனி எங்கட கப்பலுக்கு வருவம். அன்னபூரணியின் நீளம் ஏறத்தாழ 90 அடி. 24 இல் ஒரு பங்காகச் செய்தால் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் மேல் வரும். காருக்குள் வைக்கலாம், இரண்டு பேர் தூக்கலாம். நல்ல அளவு.

ஆனால் கப்பலைத்தான் 24 இல் ஒரு பங்காக்கலாம். காற்று பழைய காற்றுத்தான். கணக்கு இப்படி: நீளத்தை 24 ஆல் குறைத்தால் பாயின் பரப்பு 576 மடங்கு குறையும். கப்பலின் நிறை 13,824 மடங்கு குறையும். அதாவது கப்பலைக் கவிழ்க்கப் பார்க்கிற பாயைவிட, கப்பலை நிமிர்த்துகிற நிறை கூடுதலாகக் குறைஞ்சுபோகும். நிமிர்ந்து நிற்கிற விடயத்தில் உண்மையான கப்பலுக்குச் சமமாக இருக்கவேணும் எண்டால் காற்றின் வேகத்தை 24 இன் வர்க்கமூலத்தால், ஏறத்தாழ 4.9 ஆல், பிரிக்கவேணும். மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று எங்களுக்கு நல்ல தென்றல். எங்கட சின்னக் கப்பலுக்கு அது மணிக்கு 98 கிலோமீற்றர் புயல்.

அதனால்தான் ஓடுகிற மாதிரிகளுக்குக் கீழே கழற்றக்கூடிய ஒரு ஆழமான அடிப்பலகையைப் பூட்டி, அதன் நுனியில் ஈயம் வைப்பார்கள். அலுமாரியில் வைக்கும்போது கழற்றலாம். பற்றரியையும் இதே கண்ணோடு பாருங்கள். ட்ரோன்காரர் இலேசான லிதியம் பற்றரியைத் தேடி ஓடுவினம். எங்களுக்குக் கனம்தான் வேணும். நாலோ ஐந்தோ செல் உள்ள, 4.8 அல்லது 6 வோல்ட் நிக்கல் பற்றரி போதும். விலையும் குறைவு, ஆபத்தும் குறைவு, கப்பலின் அடியில் நடுவில் வைத்தால் நிறைக்கும் உதவும்.

எத்தனை சேர்வோ?

இதுதான் முக்கியமான இடம். அன்னபூரணியைப் பற்றி எழுதுறவர்கள் ‘பிறிக்’, ‘பிறிகண்டைன்’ எண்ட இரண்டு சொற்களையும் மாறிமாறிப் பாவிக்கிறார்கள். வாசிக்கும்போது இது பெரிய விடயமாகத் தெரியாது. சேர்வோ வாங்கும்போது தெரியும்.

பிறிக் எண்டால் இரண்டு பாய்மரத்திலும் குறுக்கே பருமல் கட்டிச் சதுரப் பாய்கள் தொங்கும். பிறிகண்டைன் எண்டால் முன்மரத்தில் மட்டும்தான் அப்படி. பின்னால் இருக்கிற பெரியமரத்தில் கப்பலின் நீளவாக்கில் விரிகிற பெரிய பாய் இருக்கும். பிறிக்குக்கு நாலு சேர்வோ வேணும்: சுக்கானுக்கு ஒன்று, முன்மரப் பருமல்களுக்கு ஒன்று, பெரியமரப் பருமல்களுக்கு ஒன்று, முன்னால் உள்ள முக்கோணப் பாய்களுக்கும் பின்பாய்க்கும் சேர்த்து ஒன்று. பிறிகண்டைனுக்கு மூன்று போதும். ஆகவே கடைக்குப் போக முதல் பழைய படங்களை எடுத்து, பெரியமரத்தில் பருமல் இருக்கா எண்டு வடிவாகப் பார்க்கவேணும். ஒரு சேர்வோவின் விலைக்காக நீங்கள் ஒரு வரலாற்று ஆதாரத்தை ஆராயத் தொடங்கிட்டீங்கள்.

இரண்டு மரத்துக்கும் சேர்த்து ஒரே சேர்வோ போட்டால் காசு மிச்சம்தானே எண்டு கேட்கலாம். கனபேர் அப்படித்தான் செய்யிறார்கள். ஆனால் பிறிக் ஒன்று காற்றுக்கு ஊடாகத் தலையைத் திருப்புவது எப்படி எண்டு பார்த்தால் அது ஏன் பிழை எண்டு விளங்கும். சுக்கானைத் திருப்பி அணியத்தைக் காற்றுப் பக்கம் கொண்டுவருவார்கள். அப்போது முன்மரத்துப் பாய்களை அப்படியே விட்டுவிடவேணும். காற்று இப்போது அந்தப் பாய்களின் முன்பக்கத்தில் அடிக்கும். அந்த அடிதான் அணியத்தை மற்றப் பக்கத்துக்குத் தள்ளும். கப்பல் காற்றுக்கு நேரே நிற்கிற அந்த ஒரு கணத்தில் பெரியமரப் பருமல்களைச் சடாரெண்டு புதிய பக்கத்துக்குத் திருப்பவேணும். கடைசியாகத்தான் முன்மரம். இரண்டு மரமும் வேறுவேறு நேரத்தில் திரும்பினால்தான் கப்பல் திரும்பும். ஒரே சேர்வோவில் கட்டிவிட்டால் அது காற்றுக்கு நேரே வந்து நின்று, பிறகு பின்னுக்குப் போகும்.

உண்மையான கப்பலில் இது ஒரு கூட்டத்தின் வேலை. தண்டையல் கட்டளை கொடுக்கவேணும், சுக்கானில் ஒருவர், ஒவ்வொரு மரத்தின் கயிறுகளிலும் ஆட்கள். பிந்தினாலும் பிழை, முந்தினாலும் பிழை. அத்திலாந்திக்கில் இரவு மழையில் இதைச் செய்தார்கள் எண்டதைக் குளக்கரையில் இரண்டு விரலால் செய்து, நாலு தரம் தோற்ற பிறகுதான் உண்மையில் மதிப்பீர்கள்.

கையா, உருளையா?

சேர்வோக்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று நீளமான கை பூட்டிய சாதாரண சேர்வோ. மற்றது கயிறைச் சுற்றுகிற உருளை உள்ள வின்ச். இதிலும் பாயைப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேணும்.

பருமல் மரத்தை நடுவாக வைத்துச் சுழல்கிறது. இடப்பாதியில் அடிக்கிற காற்றும் வலப்பாதியில் அடிக்கிற காற்றும் பெரும்பாலும் ஒன்றையொன்று சமன்செய்யும். ஒரு பக்கக் கயிறு இறுகும்போது மற்றப் பக்கக் கயிறு தளரவேணும். இரண்டு பக்கமும் கை நீட்டிய சாதாரண சேர்வோ இதுக்குச் சரியாகப் பொருந்தும். ஒரு பக்கம் இழுக்கும், மற்றப் பக்கம் விடும். கொஞ்சம் தொய்வு வரும். அதுக்குக் கயிறில் ஒரு சின்ன இறப்பர் துண்டைச் சேர்த்துவிட்டால் சரி.

பின்பாய் அப்படியில்லை. அது ஒரு ஓரத்தில் மட்டும் மரத்தோடு கட்டியிருக்கிற பாய். காற்றின் இழுவை கூடுதலாகக் கயிறில் வரும், கயிறும் நீளமாகப் போய்வரவேணும். இங்கேதான் வின்ச் தேவை. 38 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளை மூன்றரைச் சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 42 சென்ரிமீற்றர் கயிறு உள்ளே வரும். பலத்தைக் கணக்கிடும்போது ஒன்றை மறக்கவேண்டாம்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் இழுவை நாலு மடங்காகும். அரைச் சதுரமீற்றர் பாயில் செக்கனுக்கு 5 மீற்றர் காற்று ஏறத்தாழ முக்கால் கிலோ பாரமளவு தள்ளும். 10 மீற்றர் காற்று மூன்று கிலோ. சுக்கானுக்கு மலிவான சேர்வோ காணும். காசு போடவேண்டிய இடம் இந்த வின்ச்.

றேடியோப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முந்திப் பளிங்குத் துண்டு மாற்றி, இன்னொருவரின் அலைவரிசையோடு மோதாமல் பார்க்கவேணும். 2000களில் பரவிய 2.4 கிகாஹேர்ட்ஸ் பெட்டிகளில் அந்தத் தொல்லை இல்லை. ஆறு சானல் உள்ள மலிவான ஒன்று போதும். ஒன்று மட்டும் கவனம்: இந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். வாங்கியின் அன்ரெனாவை நீர்மட்டத்துக்கு மேலே, பாய்மரத்தோடு சேர்த்து நிமிர்த்தி வையுங்கள். கடனீரேரியில் ஓட்டினால் உப்பு எல்லா இணைப்பையும் தின்னும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியால் கழுவிக் காயவைக்கவேணும்.

மோட்டார் போடலாமா?

கடைசிக் கேள்வி. அன்னபூரணி கட்டப்பட்டது பாய்க்கப்பலாக. ஆனால் மாதிரிக்கு அடியில் ஒரு சின்ன மோட்டாரும் உந்தியும் ஒளித்துவைத்தால் காற்று விழுந்த நேரம் பாதுகாப்பாகக் கரைக்கு வரலாம். மெதுவாகச் சுழல்கிற சாதாரண மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, கிறீஸ் நிரப்பிய தண்டுக் குழாய், அவ்வளவுதான். அனுபவமுள்ளவர்களே போடுகிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் போட்டால் ஒரு பாடம் போய்விடும். சதுரப் பாய்க் கப்பலுக்குக் காற்று வருகிற திசைக்கு ஏறத்தாழ 67 பாகைக்குக் கிட்டப் போக ஏலாது. அதுக்குள்ளே போக நினைத்தால் சுற்றிச்சுற்றித்தான் போகலாம், இல்லாட்டில் காத்திருக்கவேணும். வல்வெட்டித்துறைக் கப்பல்கள் பர்மாவுக்கும் இந்தியக் கரைகளுக்கும் போய்வந்த நாட்காட்டியே காற்றால் எழுதப்பட்டது. சோளகத்துக்கு ஒரு திசை, வாடைக்கு ஒரு திசை. செங்கடலின் வடபாதியில் ஆண்டு முழுக்கக் காற்று பெரும்பாலும் வடக்குப் பக்கத்தில் இருந்துதான் வீசும். அன்னபூரணி சூயசுக்குப் போனது அந்த எதிர்க்காற்றில். அது எவ்வளவு பொறுமை கேட்கிற வேலை எண்டதை, எதிர்க்கரையில் நிற்கிற உங்கள் சின்னக் கப்பல் அரைமணி நேரமாக அங்குமிங்கும் போயும் பத்து மீற்றர்கூடக் கிட்ட வராதபோது கண்டுகொள்வீர்கள்.

என்னுடைய யோசனை: மோட்டாருக்கு இடம் விட்டுக் கட்டுங்கள், முதல் ஆறு மாதம் போடாமல் ஓட்டுங்கள். ஒரு நீளக் கயிறும் ஒரு நண்பனின் தோணியும் பக்கத்தில் இருந்தால் காணும்.

அதுக்கும் முதல் செய்யவேண்டியது ஒன்று இருக்கு. பாயில் ஓடின காலத்தைக் கண்டவர்கள் எங்கட கரையோர ஊர்களில் இனிக் கொஞ்சப் பேர்தான். ஒரு கொப்பியில் கப்பலின் படத்தைக் கீறிக்கொண்டு போய், ஒவ்வொரு கயிறையும் தொட்டு, இதுக்கு என்ன பேர், இதை யார் பிடிக்கிறது எண்டு கேளுங்கள். பருமல், ஆஞ்சான் எண்டு அகராதியில் தூங்குகிற சொற்கள் ஒரு ஆளின் வாயிலிருந்து வரும். சேர்வோவைப் பிறகும் வாங்கலாம், அது கடையில் இருக்கும்.